நாற்பத்தோரு சதவீதம்

ஆரம்பாக்கத்தில், டயர்க்கடைக்கு மேலே என் அறை.
மாநில எல்லை இங்கிருந்து இரண்டு பஸ் ஸ்டாப்.
அதற்கு அந்தப்புறம் தடா, சூளூர்ப்பேட்டை, நாயுடுப்பேட்டை என்று
இறால் குட்டைகளின் ஓரம், மோட்டார் கொட்டகைகளில்
பதினான்கு சர்வர்கள்.
ஒன்றைக்கூட நான் தொட்டதில்லை.
டிபன் பாக்ஸ் அளவுதானாம்.
உப்புக்காற்றுக்குப் பயந்து ஒன்றை
அரிசிப் பைக்குள் வைத்திருப்பதாகக் கேள்வி.

உள்ளே லினக்ஸ்.
நிமிஷத்துக்கு ஒரு தடவை, குட்டைக்கு ஒன்றாக,
தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் என்று எழுதிவைக்கும்.
பண்ணைக்காரர்கள் போனில் அந்த எண் தெரியும்.
நான் பார்ப்பது வேறு எண்:
எழுத இன்னும் இடம் இருக்கிறதா.

எண்பதைத் தாண்டினால் மஞ்சள்.
தொண்ணூறில் சிவப்பு, போன் அலறும்.
எழுந்து, பழைய லாக்கைச் சுருட்டி, அழித்து
திரும்பப் படுப்பேன்.
மூன்று வருஷமாக என் தூக்கமும்
சதவீதக் கணக்கில்தான்.

சித்திரையில் ஒரு ராத்திரி, மூணே கால்.
அடித்தது சர்வர் இல்லை, பெஞ்சலய்யா,
சூளூர்ப்பேட்டைப் பண்ணையின் காவலாள்.
"ரொய்யலு பைகொச்சேசினாயி சார்."
இறால் மேலே வந்துவிட்டது.

டார்ச் அடித்திருக்கிறார்.
ஒன்பதாம் குட்டையின் கரையெல்லாம்
சிவப்புச் சிவப்பாய்க் கண்கள்,
பீடி நெருப்பு மாதிரி, ஆயிரக்கணக்கில்,
மூச்சுக்கு.

திரையைத் திறந்தேன்.
ஒன்பதாம் குட்டை: ஐந்து புள்ளி எட்டு. நல்ல எண்.
டிஸ்க்: நாற்பத்தோரு சதவீதம். பச்சை.
"ஏரேட்டரைப் போடுங்க" என்று கத்தினேன்,
தமிழிலா தெலுங்கிலா, ஞாபகமில்லை.
எனக்குப் போன் போடுமுன்பே அவர் போட்டிருந்தார்.

அந்த சர்வரில் ஒரு வரி எழுதிப் பார்த்தேன்.
இடமில்லை என்றது.
பாதிக்கு மேல் காலியாக வைத்துக்கொண்டு
இடமில்லை என்றது.

அப்புறம்தான் உறைத்தது.
எறும்பு முட்டை அளவுக் கோப்புகள்,
முப்பத்திரண்டு லட்சம்.
நிலம் தரிசாய்க் கிடக்கிறது,
சர்வே எண்தான் தீர்ந்துவிட்டது.
எண் இல்லாமல் புதுக் கோப்பு எங்கே குடியேறும்?
நான் இத்தனை காலமும்
ஏக்கரை மட்டும் அளந்துகொண்டிருந்தேன்.

ஐந்து புள்ளி எட்டு என்பது
முந்தின சாயங்காலம் ஆறு பத்தொன்பதின் கணக்கு.
அதற்குப் பிறகு எழுத முடியவில்லை.
எழுத முடியவில்லை என்று எழுதவும் முடியவில்லை.
தெரிந்த கடைசி எண்ணையே
ராத்திரி முழுக்கக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

விடியும்போது பதினொரு குட்டை தப்பியிருந்தது.
முதலாளி வேமா ரெட்டி திட்டவில்லை.
"பச்சைன்னா என்னா அர்த்தம்பா?" என்று மட்டும் கேட்டார்.
அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை.

அழிக்க நாலரை மணி நேரம் ஆனது.
ஒவ்வொரு கோப்பின் பெயரும் ஒரு நிமிஷம்.
கண்ணெதிரே ஐப்பசி மழை போயிற்று,
பொங்கல் போயிற்று,
ஒன்பதாம் குட்டையில் குஞ்சு விட்ட காலை
பத்து நாற்பதும் போயிற்று.

இப்போது எண்களையும் எண்ணுகிறேன்.
கடைசியாக எப்போது எழுதினாய் என்றும்
பதினான்கு பேரையும் கேட்கிறேன்.
ஆனாலும் பெஞ்சலய்யா மூணு மணிக்குக் கூப்பிடுகிறார்,
நான் கேட்டுக்கொள்ளாமலே.
"டார்ச் ஏசினானு. ஏமி லேது."
வைத்துவிடுகிறார்.

ஒன்பதாம் குட்டையை வடித்து
சுண்ணாம்பு தூவியாயிற்று.
சென்சாரை மட்டும் யாரும் கழற்றவில்லை,
மூங்கில் கழியில், வெறுங்காற்றில் தொங்குகிறது.
ஏழு புள்ளி நான்கு.
பன்னிரண்டு குட்டையில் அதுதான் நல்ல எண்.
நிமிஷத்துக்கு ஒரு கோப்பு.